பொண்ணுக்கு ரத்த டெஸ்ட் எடுத்தால் மனச்சிதைவு தெரியுமா?

கேள்வி: தம்பிக்கு மனச்சிதைவு நோய், மாத்திரையில் நன்றாக இருக்கிறான். தங்கச்சிக்கு வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணுக்கும் அது வருமான்னு ரத்தத்துல பார்த்துச் சொல்லிருங்க" என்கிறார்கள். அப்படி ஒரு டெஸ்ட் இருக்குதுங்களா?
- ஒரு சகோதரி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இல்லைங்க அம்மிணி. கோபியில் மட்டுமில்லை, அமெரிக்காவிலும் இல்லை. யாராவது ஜீன் டெஸ்ட் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

தேடாமல் இல்லை, எழுபது வருடமாகத் தேடுகிறார்கள். 1950-களில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஆகர்ஃபெல்ட், மனச்சிதைவு நோயாளிகளின் ரத்த சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஒரு ரசாயனத்தைச் சேர்த்தால் சீக்கிரமாக நிறம் மாறுகிறது என்று கண்டார். பெரிய பரபரப்பு. கடைசியில் பார்த்தால், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் வைட்டமின் சி பத்தாமல் போனதுதான் அந்த நிறத்துக்குக் காரணம்! 2010-ல் அமெரிக்காவில் ரத்தத்தில் 51 பொருள்களை அளக்கும் வெரிசைக் என்ற டெஸ்ட் விற்பனைக்கே வந்தது, அதுவும் நிலைக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், நூறு நோயாளிகளையும் நூறு பேர் நோயில்லாதவர்களையும் எடுத்துச் சராசரி போட்டால் சிஆர்பி, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் நோயாளிகளிடம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், ஆனால் அதே சிஆர்பி சிகரெட் பிடித்தாலும் ஏறும், உடம்பு பெருத்தாலும் ஏறும், ஈறு வீங்கினாலும் ஏறும். அப்புறம் ஒரு ஆளின் ரிப்போர்ட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வது? ஜீன் கதையும் அப்படித்தான். 2022-ல் வந்த பெரிய ஆய்வு மரபணுத் தொகுதியில் இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் காட்டியது, ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு.

மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காமல் இதைச் சொல்லுங்கள்: பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரக்கூடிய நோய், கூடப்பிறந்தவருக்கு இருந்தால் நூற்றில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு வரலாம், மீதித் தொண்ணூறு பேருக்கு வராது. அதற்கு மேல் உத்தரவாதம் கேட்டால், மாப்பிள்ளைக்குச் சர்க்கரை வராது என்று அவர்கள் எழுதித் தருவார்களா என்று நானாக இருந்தால் கேட்டுவிடுவேன்.

'தம்பிக்கு மட்டும் ஏன் ரத்தம் எடுத்தாங்க?' என்று தோன்றும். தைராய்டு, பி12 குறைவு மாதிரி வேறு காரணம் இருக்கிறதா என்று விலக்கிப் பார்க்கத்தான். மனச்சிதைவுக்கான க்ளோசபின் என்ற மாத்திரை கொடுத்திருந்தால் விஷயம் வேறு, அது சிலருக்கு வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும், அதனால் ஆரம்ப மாதங்களில் வாராவாரம் எண்ணிப் பார்ப்பார்கள். கல்யாண அலைச்சலில் அந்த டெஸ்டை மட்டும் தள்ளிப் போட்டுவிடாதீர்கள்.