அம்மாவுக்கு நீங்க மொழிபெயர்க்க வேண்டாம் தம்பி, இன்டர்பிரட்டர் கேளுங்க

தம்பி, நீங்க கேட்டது இதுதானே. அம்மா அப்பா பேரண்ட் விசால பிஆரோட, அதாவது ஆஸ்திரேலியால நிரந்தரமா தங்கற அனுமதியோட வந்து சில மாசம் ஆச்சு, சிட்னி வென்ட்வொர்த்வில்ல உங்க கூடத்தான் இருக்காங்க, அம்மாவுக்கு 62 வயசு, சுகர் பிரஷர் ரெண்டும் இருக்கு, இங்கிலீஷ் வராது. ஜிபிகிட்ட, அதான் குடும்ப டாக்டர்கிட்ட, கூட்டிட்டு போனா டாக்டர் உங்க முகத்தைப் பார்த்தே பேசறார், அம்மா எல்லாத்துக்கும் "நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்லிடறாங்க, வீட்டுக்கு வந்து மருமககிட்ட மட்டும் வேற என்னமோ கஷ்டம் சொல்றாங்க. தமிழ் டாக்டரா பார்த்து மாத்திடலாமா, இல்ல வேற வழி இருக்கான்னு கேட்டிருக்கீங்க.

வழி இருக்கு, அதுவும் காசு செலவில்லாத வழி. முதல்ல நீங்க மொழிபெயர்க்கறதை நிறுத்துங்க. கோவிச்சுக்காதீங்க, நீங்க தப்பா சொல்றீங்கன்னு இல்ல, உங்க அம்மா உங்களை வெச்சுக்கிட்டு பேச மாட்டாங்க, அவ்வளவுதான். வளர்ந்த பையன் முன்னாடி வெள்ளைப்படுதுன்னோ யூரின் அடக்க முடியலைன்னோ எந்த அம்மாவும் வாய் திறந்து சொல்ல மாட்டாங்க, சொன்னா பையன் பயந்துடுவான், லீவு போட்டுடுவான், செலவு வெச்சுடுவோம்னு நூறு யோசனை ஓடும். நான் வெஸ்டர்ன் சிட்னிக்கு வந்து ரொம்ப வருஷம் ஆச்சு, மாமனார் மாமியார் ரெண்டு பேரையும் இங்க வெச்சுத்தான் பார்த்துக்கிட்டோம், அதனால இதை அழுத்திச் சொல்றேன்.

டிஐஎஸ் நேஷனல்னு கவர்மென்ட்டோட மொழிபெயர்ப்பு சர்வீஸ் இருக்கு, நம்பர் 131 450, 24 மணி நேரமும் எடுப்பாங்க. இது நேத்து வந்தது இல்ல, 1973ல இந்த நாட்டுல வந்து இறங்கின குடும்பங்களுக்காக போன்ல ஆரம்பிச்சது. ஜிபியோ ஸ்பெஷலிஸ்ட்டோ மெடிகேர் கணக்குல, அதாவது கவர்மென்ட்டோட மருத்துவக் காப்பீட்டுல, உங்க அம்மாவைப் பார்த்தா இன்டர்பிரட்டர் செலவை கவர்மென்ட் ஏத்துக்கும், டாக்டருக்கும் செலவில்ல உங்களுக்கும் செலவில்ல. டாக்டர்களுக்குன்னே தனி லைன் வேற வெச்சிருக்காங்க, காத்திருக்க வேண்டியது கம்மி. ஃபார்மசில மாத்திரை வாங்கறப்பவும் இதே மாதிரி கேட்கலாம், இது நம்ம ஆளுங்க பாதி பேருக்குத் தெரியாது. ஆனா யாரும் தானா வந்து "வேணுமா"ன்னு கேட்க மாட்டாங்க, கூட பையன் நிக்கறான் இங்கிலீஷ் பேசறான்னா டாக்டரும் அவசரத்துல அப்படியே ஓட்டிடுவார். நாமதான் வாய் விட்டுக் கேட்கணும்.

எப்படி நடக்கும்னு சொல்றேன், ஏன்னா அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வெச்சாத்தான் பதட்டம் இருக்காது. எங்க அத்தைக்கு, மாமியாரைத்தான் சொல்றேன், முதல் தடவை இன்டர்பிரட்டர் வெச்சப்ப நானும் ரூம்ல இருந்தேன், என் வீட்டுக்காரர் வெளிய வெயிட்டிங்ல உட்கார்ந்துட்டார். டாக்டர் போனை ஸ்பீக்கர்ல போட்டு மேசை நடுவுல வெச்சார். அந்தப் பக்கம் ஒரு அம்மா, பேர் சொல்லல, நம்பர் மட்டும் சொன்னாங்க, "வணக்கம்மா, நீங்க சொல்றதை எல்லாம் அப்படியே டாக்டர்கிட்ட சொல்வேன், அவர் சொல்றதை அப்படியே உங்ககிட்ட சொல்வேன், இங்க பேசறது எதுவும் வெளிய போகாது"ன்னாங்க. அத்தை முதல்ல போனைப் பார்த்துக் குனிஞ்சு குனிஞ்சு பேசினாங்க, டாக்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அத்தை முகத்தைப் பார்த்தே கேட்க ஆரம்பிச்சதும் நிமிர்ந்துட்டாங்க. கால் வலி, தூக்கம் வரலைன்னு நாலஞ்சு விஷயம் போச்சு, அப்புறம் டாக்டர் வேற ஏதாவது இருக்கான்னு கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம்தான் சொன்னாங்க, மாதவிடாய் நின்னு எத்தனையோ வருஷம் கழிச்சு இப்ப மறுபடி ரத்தம் படுது, பல மாசமாவேன்னு. எனக்கே தெரியாது, என்கிட்டயும் சொல்லல. ஸ்கேன் எடுத்து ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணாங்க, உள்ள சின்ன பாலிப்தான், சதை வளர்ச்சி, எடுத்துட்டாங்க, நல்லா இருக்காங்க. ஆனா அந்த மாதிரி ரத்தம் கர்ப்பப்பை புற்றுநோயோட முதல் அறிகுறியாவும் இருக்கலாம், அதனாலதான் ஒரு தடவை பட்டாலும் டாக்டர்கிட்ட சொல்லணும்னு இங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்க. உங்க அம்மா மருமககிட்ட சொல்ற கஷ்டம் என்னன்னு எனக்குத் தெரியாது, ஆனா அது டாக்டர் காதுக்குப் போகணும் தம்பி.

அப்பாயிண்ட்மென்ட் போடறப்பவே சொல்லிடுங்க: தமிழ் இன்டர்பிரட்டர் வேணும், பொம்பளை இன்டர்பிரட்டரா வேணும், அதோட லாங் அப்பாயிண்ட்மென்ட் வேணும், ஏன்னா எல்லாம் ரெண்டு தடவை பேசறதால நேரம் ரெண்டு மடங்கு ஆகும், சாதா அப்பாயிண்ட்மென்ட்ல டாக்டர் வாட்ச்சைப் பார்த்துக்கிட்டே இருப்பார். இந்தியத் தமிழா இலங்கைத் தமிழான்னு கூட சொல்லிக் கேட்கலாம், எப்பவும் கிடைக்கும்னு இல்ல. சிட்னி தமிழ் ஆளுங்க கொஞ்சம் பேர்தான், கோயில்ல பார்க்கற முகமா இருந்துட்டா என்ன பண்றதுன்னு அம்மா பயந்தா போன் இன்டர்பிரட்டரே நல்லது, வேற ஸ்டேட்ல இருக்கறவங்களா கேட்கலாம், அம்மாவோட பேரை அவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ரிசப்ஷன்ல "நீங்கதான் கூட வர்றீங்களே, அப்புறம் எதுக்கு"ன்னு கேட்டா சண்டை போடாதீங்க, "நான் வருவேன், ஆனா மருத்துவ விஷயத்தை நான் மொழிபெயர்க்க விரும்பல, ஃப்ரீ இன்டர்பிரட்டிங் சர்வீஸ் வழியா ஏற்பாடு பண்ணுங்க"ன்னு பொறுமையா சொல்லுங்க, வேலை நடக்கும்.

ஆஸ்பத்திரினா இன்னும் சுலபம். நியூ சவுத் வேல்ஸ் கவர்மென்ட் ஆஸ்பத்திரில, அது வெஸ்ட்மீட் ஆகட்டும் பிளாக்டவுன் ஆகட்டும், ஹெல்த் கேர் இன்டர்பிரட்டர் சர்வீஸ்னு தனியாவே இருக்கு, அதுவும் இலவசம், நேர்லயும் வருவாங்க போன்லயும் வருவாங்க. ஜிபி எழுதற ரெஃபரல் லெட்டர்லயே தமிழ் இன்டர்பிரட்டர் தேவைன்னு எழுதச் சொல்லுங்க, அப்படி எழுதினா ஆஸ்பத்திரியே ஏற்பாடு பண்ணிடும். முக்கியமா ஆபரேஷனுக்கு கையெழுத்து போடற நேரத்துல குடும்பத்து ஆள் மொழிபெயர்க்கக் கூடாதுங்கறது அவங்க விதிமுறையே. ஸ்கூல் படிக்கற பேத்தியை பாட்டிக்கு மொழிபெயர்க்க விடற பழக்கம் நம்ம வீடுகள்ல இருக்கு, தயவு செஞ்சு அது வேண்டாம். ஒரு குழந்தை வாயால பாட்டியோட நோயைச் சொல்ல வைக்கறது கொடுமை.

தமிழ் டாக்டர் விஷயம். டூங்காபி, பெண்டில் ஹில் பக்கம் தமிழ் பேசற ஜிபி கிடைப்பாங்க, நல்ல டாக்டர்கள் இருக்காங்க, அம்மாவுக்கு வசதின்னா மாத்துங்க, தடையே இல்ல. ஆனா தமிழ் பேசினாலே எல்லாம் சரியாகிடும்னு நினைக்காதீங்க. மேஸ் ஹில் முருகன் கோயில்ல வெள்ளிக்கிழமை பிரசாத வரிசையில பக்கத்துல நிக்கற டாக்டர்கிட்ட சில விஷயம் சொல்ல கூச்சப்படற பெரியவங்களை நான் பார்த்திருக்கேன். ஆண் டாக்டரா இருந்தா இன்னும் கஷ்டம். தமிழ் தெரியாத ஒரு பெண் டாக்டரும் போன்ல ஒரு இன்டர்பிரட்டரும் இருந்தா அதைவிட தாராளமா பேசலாம். அம்மாகிட்டயே கேளுங்க, நீங்க முடிவு பண்ணாதீங்க.

அடுத்தது சாப்பாடு, மாத்திரை. ஊர்ல இருந்து கொண்டு வந்த மாத்திரை பையை அப்படியே முழுசா எடுத்துட்டு போய் டாக்டர் மேசை மேல கொட்டுங்க, சூரணம், லேகியம், கஷாயப் பொடி உட்பட. ஏன்னா ஊர்ல வாங்கின கிளைகோமெட்டும் இங்க எழுதிக் கொடுக்கற டயாபெக்ஸும் ஒண்ணுதான், ரெண்டுமே மெட்ஃபார்மின். பேர் வேறயா இருக்கறதால ரெண்டையும் சேர்த்துப் போட்டுக்கறவங்க இருக்காங்க. நாட்டு மருந்துல சிலதுல ஈயம் பாதரசம் இருந்து இங்க ஆளுங்க ஆஸ்பத்திரிக்கு போயிருக்காங்க, எச்சரிக்கையும் விட்டிருக்காங்க, அதனால மறைக்காம காட்டணும். நல்ல டாக்டர் திட்ட மாட்டார், எது சாப்பிடலாம் எது வேண்டாம்னு பிரிச்சுக் கொடுப்பார்.

விரதம் இருப்பாங்களா அம்மா? ஏகாதசி, சஷ்டி? இதை டாக்டர் கேட்கவே மாட்டார், அவருக்கு எப்படித் தெரியும், நீங்களே சொல்லணும். இன்சுலின் போட்டாலோ, டயாமைக்ரான், அமரில் மாதிரி மாத்திரை எடுத்தாலோ சாப்பிடாம இருந்தா சுகர் சட்டுனு இறங்கி மயக்கமே வரும். விரதத்தை விடச் சொல்ல மாட்டாங்க, இங்க முஸ்லிம் பேஷண்ட்டுங்க ரம்ஜான் நோன்பு இருக்கறப்ப மாத்திரை நேரத்தை மாத்திக் கொடுத்துப் பழகின டாக்டர்கள் நிறைய பேர், அதே மாதிரி கந்த சஷ்டி ஆறு நாளைக்கும் கேட்டா மாத்திக் கொடுப்பாங்க, ஆனா விரதத்துக்கு முன்னாடியே போகணும்.

சுகர் இருக்கறதால ஜிபி ஒரு கேர் பிளான் போட்டுக் கொடுக்கலாம், அதை வெச்சு சாப்பாட்டு ஆலோசனை சொல்ற டயட்டீஷியன், கால் பார்க்கற பொடியாட்ரிஸ்ட் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 5 தடவை வரைக்கும் மெடிகேர் பணம் தரும், சில இடத்துல மேல கொஞ்சம் கைக்காசு கேட்பாங்க. டயட்டீஷியன்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் அம்மா சாப்பிடற தட்டை போன்ல போட்டோ எடுத்துக்கங்க, காபி டம்ளரையும் சேர்த்து. இல்லைன்னா அவங்க பாட்டுக்கு கினோவா, கிரேக்க யோகர்ட்னு ஒரு பேப்பர் கொடுப்பாங்க, அம்மா அதை ஃப்ரிட்ஜ்ல காந்தம் வெச்சு ஒட்டிட்டு பழையபடி மூணு வேளையும் அரிசிதான் சாப்பிடுவாங்க. எங்க அத்தைக்குப் பார்த்த பொண்ணு வியட்நாம் குடும்பம், சோறு இல்லாம முடியாதுன்னு அவளுக்கே தெரியும், போட்டோவைப் பார்த்து தட்டுல பாதி பொரியல் கீரை, கால்வாசி சோறு, கால்வாசி பருப்பு இல்ல மீன்னு விரலால கோடு போட்டுக் காட்டினா, அப்பளம் ஊறுகாயைக் குறைக்கச் சொன்னா, அவ்வளவுதான். அது நடந்தது, ஏன்னா அது அத்தையோட சாப்பாடு. இன்னொண்ணு, நம்ம உடம்புவாகுக்கு இடுப்பு அளவு கணக்கே வேற, ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80 தாண்டினாலே ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்றாங்க, அப்பாவுக்கு இன்னும் சுகர் இல்லைன்னாலும் செக் பண்ணிடுங்க.

தபால்ல வர்றதை தூக்கிப் போடாதீங்க. 50ல இருந்து 74 வயசு வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை குடல் புற்றுநோய் டெஸ்ட் கிட் வீட்டுக்கே வரும், மலத்தை நாமளே கொஞ்சம் எடுத்து அனுப்பணும், நம்ம பெரியவங்க சீன்னு ஒதுக்கிடுவாங்க, பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. மார்பகப் புற்றுநோய் டெஸ்ட் பண்ற பிரெஸ்ட்ஸ்கிரீனுக்கு 13 20 50, மேமோகிராம்னு மார்பக எக்ஸ்ரே எடுக்கறவங்க எல்லாருமே பொம்பளைங்கதான், இதை மட்டும் சொன்னாலே பல அம்மாக்கள் வருவாங்க. கர்ப்பப்பை வாய் டெஸ்ட்டும் 74 வயசு வரைக்கும் 5 வருஷத்துக்கு ஒரு தடவை உண்டு, டாக்டர் தொட்டுப் பார்க்கணுமேன்னு பயப்பட வேண்டாம், 2022 ஜூலைல இருந்து திரைக்குப் பின்னாடி அவங்களே ஒரு பஞ்சுக்குச்சியால எடுத்துக் கொடுத்துடலாம். ஆனா ரத்தம் படறது மாதிரி ஏதாவது இருந்தா இது போதாது, டாக்டர்தான் பார்க்கணும்.

மனசு விஷயத்தை கொஞ்சம் கவனிங்க. நம்ம பெரியவங்க மனசு சரியில்லைன்னு சொல்ல மாட்டாங்க, தலை பாரமா இருக்கு, நெஞ்சு படபடங்குது, உடம்பெல்லாம் எரியுதுன்னுதான் சொல்வாங்க, பகல் பூரா வீட்டுல அடைஞ்சு கிடக்கறாங்க பாருங்க. டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வந்தும் வலி தீரலைன்னா ஜிபிகிட்ட மென்டல் ஹெல்த் பிளான் கேளுங்க, வருஷத்துக்கு 10 தடவை கவுன்சலிங் வரைக்கும் மெடிகேர் பணம் உண்டு. டிரான்ஸ்கல்ச்சுரல் மென்டல் ஹெல்த் சென்டர்னு இந்த ஸ்டேட்டுக்குன்னே ஒண்ணு இருக்கு, நம்ம மாதிரி வெளிநாட்டுல இருந்து வந்தவங்களுக்காகவே. உங்க பக்கத்து வீட்டுல யுத்தத்துல இருந்து தப்பிச்சு வந்த இலங்கைக் குடும்பம் யாராவது இருந்தா கேரமர்ல இருக்கற ஸ்டார்ட்ஸ்ங்கற அமைப்பு பத்தி சொல்லுங்க, 1988ல இருந்து அந்த மாதிரி வேதனைப்பட்டவங்களுக்கு இலவசமா சிகிச்சை கொடுக்கறாங்க.

ஆம்புலன்ஸ் மெடிகேர்ல வராது, நம்ம ஸ்டேட்ல பில் சில நூறு டாலர் வந்துடும், பென்ஷன் கார்டு இல்லாத புதுசா வந்தவங்களுக்கு தனியா ஆம்புலன்ஸ் கவர் வாங்கி வெச்சுடுங்க. 000 அடிச்சு "ஆம்புலன்ஸ்", "தமிழ்"னு ரெண்டு வார்த்தை சொல்ல அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கத்துக் கொடுங்க, மீதியை அவங்களே இன்டர்பிரட்டரைப் போட்டு பார்த்துக்குவாங்க.

பிஆர், மெடிகேர் கார்டு கையில இருக்குன்னு வெச்சுத்தான் இவ்வளவும் சொல்லியிருக்கேன். விசிட்டர் விசாலயோ 870ங்கற தற்காலிக பேரண்ட் விசாலயோ யாராவது பெரியவங்க வந்திருந்தா மெடிகேர் கிடையாது, இன்ஷூரன்ஸ்தான், அதை வேற மாதிரி பார்க்கணும். இப்போதைக்கு அடுத்த அப்பாயிண்ட்மென்ட்டுக்கு முன்னாடி ரிசப்ஷனுக்கு போன் பண்ணி இன்டர்பிரட்டர் போட்டாச்சான்னு உறுதி பண்ணிக்கங்க, அன்னைக்கு உங்க மனைவியை அம்மா கூட உள்ள அனுப்பிட்டு நீங்க வெளிய இருங்க. டாக்டர் மறுத்தாரோ, ரிசப்ஷன்ல இழுத்தடிச்சாங்களோ, அதையும் இங்கயே எழுதுங்க, என்ன சொல்லணும்னு சேர்ந்து பார்ப்போம்.