சூளையில் வைக்கோல் போட்ட கோடு

மண், சக்கரம், சூளை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், பாலக்காடு மாவட்டம் சித்தூர் பக்கத்துக் குயவர் தெருவில் பிறந்து, பள்ளியில் கைத்தொழில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: அக்கா, மகளுக்கு ஒசாகாவில் வேலை. பத்து நாள் வந்து இருங்கள் என்று டிக்கெட் எடுத்துவிட்டாள். எனக்கு மண்சட்டி, பீங்கான் என்றால் உயிர். அங்கே எந்த மியூசியத்தைப் பார்க்கலாம்? "பானை பாக்கறதுக்கா பிளேன் ஏறிப் போற?" என்கிறார் மாமியார்.
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: பானை பார்க்கத்தான் நானும் போனேன் என்று அவரிடம் சொல்லுங்கள். ஓய்வு பெற்ற கையோடு, சேர்த்து வைத்த பணத்தில் போனேன்.

ஒசாகாவிலேயே, ஆற்றின் நடுத்திட்டான நாகனோஷிமாவில், கீழைநாட்டு மண்பாண்ட மியூசியம் இருக்கிறது. 1982-ல் தொடங்கியது, புதுப்பித்து 2024-ல் மறுபடி திறந்திருக்கிறார்கள். அங்கே பேர் பெற்றவை பெரும்பாலும் சீன, கொரியப் பாண்டங்கள். ஜப்பான் குயவர்கள் யாரைப் பார்த்துக் கற்றார்கள் என்று அங்கேதான் புரியும், அதனால் அதையே முதலில் பாருங்கள். செலடன் என்கிற இளம்பச்சை ஜாடிகளின் நிறம் விளக்கொளியில் சரியாகத் தெரியாது. அதற்காகவே வானத்து வெளிச்சம் உள்ளே வரும்படி ஓர் இடம் அமைத்திருக்கிறார்கள். மேகம் விலகினால் ஜாடியின் பச்சை மாறுகிறது. ஒரே ஜாடி முன்னால் அரை மணி நேரம் நின்றேன்.

அடுத்து கியோட்டோ. கோஜோசாக்கா என்ற பழைய குயவர் பகுதியில் கவாய் கன்ஜிரோ என்ற பேர் பெற்ற குயவர் வாழ்ந்த வீடு. அவர் 1966-ல் காலமானார், வீடு 1973-ல் மியூசியமானது. அரசு தர வந்த 'வாழும் தேசியச் செல்வம்' பட்டத்தை வேண்டாம் என்றவர் அவர். அவர் வடிவமைத்த நாற்காலியில் உட்காரலாம். பின்கட்டுக்குப் போனால் மேட்டில் படிப்படியாக ஏறும் பெரிய சூளை. இப்போது அதில் தீ மூட்டுவதில்லை. சூளையின் வாயருகே குனிந்து உள்ளே பார்த்தேன். எங்கள் வீட்டுப் பின்புறம் ஞாபகம் வந்து தொண்டை அடைத்துவிட்டது.

ஒரே ஒரு நாள்தான் வெளியூர் போக முடியும் என்றால் பிசென் என்ற குயவர் ஊருக்குப் போங்கள். ஒசாகாவிலிருந்து புல்லட் ரயிலில் ஒரு மணிக்குள் ஒகயாமா. அங்கிருந்து அகோ லைனில் இம்பே என்ற சின்ன ஸ்டேஷன். ஸ்டேஷன் கட்டிடத்திலேயே பாண்டங்களை வைத்திருக்கிறார்கள். வெளியே வந்தால் வீட்டுக் கூரைகளுக்கு மேலே செங்கல் புகைபோக்கிகள்.

பிசென் பாண்டத்துக்கு மெருகுப் பூச்சு கிடையாது. வயலுக்கு அடியில் கிடக்கும் களிமண், பைன் விறகு, பத்துப் பதினைந்து நாள் விடாத தீ, அவ்வளவுதான். சூடு 1,200 டிகிரியைத் தொடும். நம் ஊர்ச் சூளை 1,000 வரைக்கும் போகாது. அதனால்தான் நம் பானை தண்ணீரைக் கசியவிட்டுக் குளிர வைக்கிறது, அவர்கள் ஜாடி கல் மாதிரி இறுகிவிடுகிறது. வயல் மண் என்றதும் எனக்கு நம் ஊர் நினைவுதான். கேரளத்தில் 2008-ல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு குயவர்களுக்கு வயலில் மண் எடுப்பது பெரும் பாடாகிவிட்டது. வயலைக் காக்கத்தான் வேண்டும். சட்டி வனைகிறவனுக்கு நாலு வண்டி மண்ணுக்கும் ஒரு வழி வேண்டும்.

அங்கே ஒரு தட்டைப் பார்த்தேன். வெளிறிய உடம்பில் செக்கச்செவேல் என்று கோடுகள், தூரிகையால் இழுத்தது போல. ஹிதாசுகி என்று பேர். தீக்கயிறு என்று சொல்லலாம். பாண்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க நடுவே வைக்கோல் சுற்றி அடுக்குவார்கள். வைக்கோலில் உள்ள பொட்டாசியமும் மண்ணில் உள்ள இரும்பும் தீயில் சேர்ந்து அந்தச் சிவப்பு வருகிறது. எங்கள் அப்பாவும் வைக்கோல் போர்த்தி, மேலே சேறு மெழுகித்தான் சூளை வைப்பார். பிரிக்கும்போது வைக்கோல் பட்ட இடம் கறுத்திருந்தால் அந்தப் பானையைத் தனியே எடுத்து வைப்பார். "சந்தையில வெல போகாது கண்ணு" என்பார். அந்தத் தட்டை அவர் பார்த்திருக்க வேண்டும்.

எங்கே போனாலும் வாயைப் பார்க்கும் முன் பாண்டத்தின் அடியைப் பாருங்கள். பூச்சு நின்ற இடம், குயவன் விரல் பட்ட இடம், மண்ணின் சொந்த நிறம் எல்லாம் அங்கேதான். பல இடங்களில் அடி தெரியக் கண்ணாடி வைத்திருப்பார்கள்; இல்லையென்றால் முட்டி போட்டுப் பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: ஜப்பான் தேநீர்க் கிண்ணங்களைப் படத்தில் பார்த்தேன். கோணலாக, கறுப்பாக இருக்கின்றன. எங்கள் வீட்டில் அப்படி வந்தால் உடைத்து மண்ணோடு சேர்த்துவிடுவோம். அதைப் போய் ஏன் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள்?
– குயவர் வீட்டு வாசகர், வேலந்தாவளம்

பதில்: நீங்கள் உடைப்பதும் சரி, தம்பி. அவர்கள் வைத்திருப்பதும் சரி. நம் சட்டி அடுப்பில் ஏற வேண்டும். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்தால் சூட்டில் விரிசல் விடும். தேநீர்க் கிண்ணம் அடுப்பு ஏறாது, இரண்டு உள்ளங்கைக்குள் இருக்கும். பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ என்ற தேநீர் ஆசான் கேட்டபடி சோஜிரோ என்ற குயவர் செய்த, ராக்கு எனப்படும் கிண்ணங்கள் சக்கரத்தில் வனைந்தவையே அல்ல. கையால் கிள்ளி, அழுத்தி, சீவி எடுத்தவை. அந்தக் குடும்பத்தில் இப்போது பதினாறாவது தலைமுறை வேலை செய்கிறது. கியோட்டோவில் ராக்கு மியூசியமும் இருக்கிறது. உங்கள் தெருவில் சக்கரத்தில் வனைந்த பானையின் அடியைப் பலகையும் கல்லும் வைத்துத் தட்டுவார்கள் இல்லையா? அப்போது உட்பக்கம் கை உணர்கிற கனத்தைத்தான் அவர்கள் வெளியே காட்டுகிறார்கள்.

கேள்வி: ஜப்பானுக்கு ஒன்பது வயதுப் பையனையும் அழைத்துப் போகிறோம். கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துச் சலித்துவிடுவானே?
– வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: நகோயா பக்கம் டோகோனாமே கூட்டிப் போங்கள். ஊரே மியூசியம் மாதிரி. ஒரு மேட்டுச் சந்தில் இரண்டு பக்கச் சுவரும் பழைய மண் குழாய்களும் சாராய ஜாடிகளும் அடுக்கிக் கட்டியவை. கொஞ்சம் நடந்தால் 1887-ல் கட்டிய சூளை, அதற்குப் பத்துப் புகைபோக்கிகள், ஒன்றுக்கொன்று உயரம் வேறு. ஏன் வேறு என்று அவனையே யோசிக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஜப்பானில் மியூசியங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை விடுமுறை, திங்கள் பண்டிகை நாளாக இருந்தால் செவ்வாய் மூடுவார்கள். நான் ஒரு திங்கட்கிழமை முழுவதையும் அப்படி இழந்தேன்.