'ஐ விஷ்' வாக்கியத்தில் 'ஹேட்' எப்போது வரும்?

'ஐ விஷ் ஐ நியூ', 'ஐ விஷ் ஐ ஹேட் நோன்' இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருந்தீர்கள். வருத்தம் எந்தக் காலத்தைப் பற்றியது என்று பாருங்கள். இப்போது தெரியவில்லையே என்றால் 'நியூ'. அன்றைக்குத் தெரியாமல் போயிற்றே என்றால் 'ஹேட் நோன்'. நடக்காததைச் சொல்லும்போது ஆங்கில வினை ஒரு படி பின்னால் போகும்.

'இஃப்' வாக்கியத்திலும் இதே கணக்குதான். படித்திருந்தால் பாஸாகியிருப்பேன்: 'இஃப் ஐ ஹேட் ஸ்டடீட், ஐ வுட் ஹேவ் பாஸ்ட்'. நம்மில் பலர் தடுமாறுவது இங்கேதான். தமிழில் இரண்டு பக்கமும் 'இரு' வருகிறதே என்று 'இஃப் ஐ வுட் ஹேவ் ஸ்டடீட்' என எழுதிவிடுகிறோம். அமெரிக்கப் பேச்சில் இதைக் கேட்கலாம், ஆனால் தேர்வில் மார்க் போகும். 'வுட்' விளைவுப் பக்கத்தில் மட்டும் வரட்டும்.

விளைவு இன்றும் நீடிக்கிறதா? அப்போது அங்கே 'ஹேவ்' வேண்டாம்: 'இஃப் ஐ ஹேட் டேக்கன் தட் ஜாப், ஐ வுட் பி இன் சென்னை நவ்'.

தவறு உங்களுடையது என்றால் 'விஷ்' வேண்டாம், 'ஐ ஷுட் ஹேவ் கால்ட் யூ' என்று சொல்லுங்கள். பொறுப்பை நேராக ஏற்கும் வாக்கியம் அது. மன்னிப்புக் கேட்கும்போது எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.