டாமி வெர்செட்டி செத்துவிட்டானா? – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரி படித்தது கீழே சேலத்தில். அப்போது அஸ்தம்பட்டி பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரே கதி என்று கிடந்து வைஸ் சிட்டி என்ற கணினி விளையாட்டை ஆடியவன். டாமி வெர்செட்டி அதன் நாயகன். இப்போதும் மழைநாள் இரவுகளில் நானும் பழைய நண்பர்கள் இருவரும் போனில் சண்டை போட்டுக்கொள்வது அது இடம்பெறும் ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) விளையாட்டுத் தொடரின் கதைகளுடைய கால வரிசையைப் பற்றித்தான்.

என் கட்சி இது. எல்லா ஜிடிஏ கதைகளும் ஒரே உலகத்தில் நடக்கின்றன. நான்காம் பாகத்தில் ஒரு சுவரில் டாமி, கார்ல், கிளாட், டோனி, விக் என்று பழைய நாயகர்களின் பெயர்கள் நினைவுச்சுவர் போல எழுதப்பட்டிருக்கின்றன. ஆக 2008-க்குள் அவர்கள் எல்லாரும் செத்துவிட்டார்கள். ஐந்தாம் பாகத்தில், சான் ஆண்ட்ரியாஸ் பாகத்தின் நாயகன் கார்லின், அதாவது சிஜேயின், குரோவ் தெரு எதிரிகளான பல்லாஸ் கும்பலின் கையில் இருக்கிறது. சிஜே உயிரோடு இருந்தால் விட்டிருப்பானா? ஒரு நண்பன், "அதெல்லாம் வேற உலகம்டா, கம்பெனிக்காரனே சொல்லிட்டான்" என்கிறான். இன்னொருவன், "கம்பெனிக்காரன் சொன்னா வேதவாக்கா?" என்கிறான்.

என் தம்பி இந்த ஆண்டு சேலத்தில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். பழைய கணினி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறோம். முதலிலிருந்து விளையாட வேண்டும் என்கிறான். கதை நடக்கும் ஆண்டு வரிசையில் ஆடச் சொல்லவா, வெளிவந்த வரிசையிலா? இதையெல்லாம் ஒரு விஷயம் என்று எழுத்தாளருக்குக் கடிதம் எழுதுவாயா என்று வீட்டில் கேட்கிறார்கள். எழுதிவிட்டேன்.

அன்புடன்,
ர., ஏற்காடு

அன்புள்ள ர.,

முதலில் டாமி விஷயம். டாமி செத்தான் என்று எந்த விளையாட்டும் சொல்லவில்லை. 1986-ல் தன் மாளிகைப் படிக்கட்டில் எதிரிகளைச் சுட்டுத் தீர்த்துவிட்டு நிற்கிறான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனைக் கொன்றது நீங்களும் அந்தச் சுவரும்தான்.

உங்கள் முதல் நண்பர் சொல்வது 2011-ஐ. மூன்றாம் பாகத்தின் பத்தாம் ஆண்டு நிறைவில் ரசிகர்களின் கேள்விகளுக்கு இந்தத் தொடரைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் கம்பெனி பதில் சொன்னது. அந்தப் பதிலின் சாரம் இது: மேலிருந்து பார்க்கும் பழைய விளையாட்டுகள் ஓர் உலகம், மூன்றாம் பாகத்தில் தொடங்கும் முப்பரிமாண விளையாட்டுகள் இன்னோர் உலகம், நான்காம் பாகம் முதல் வருபவை மூன்றாவது உலகம். வண்டிக் கம்பெனிகள், கடைப் பெயர்கள், வானொலிக் குரல்கள் ஓர் உலகிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். முழு உருவம் கொண்ட கதாபாத்திரங்கள் போக முடியாது.

கம்பெனி சொன்னதால் வழக்கு முடிந்தது என்று நானும் நினைக்கவில்லை. அந்தப் பதில் வராமலே போயிருந்தாலும் விளையாட்டுக்குள்ளேயே சான்று இருக்கிறது. ஐந்தாம் பாகத்தில் நான்காம் பாகத்தின் பாக்கி என்ற கதாபாத்திரம் நேரில் வருகிறான், பேசுகிறான், கொள்ளைக்குக் கூட வருகிறான். நான்காம் பாகத்தின் கிளைக்கதை நாயகனான ஜானியை, ஐந்தாம் பாகத்தின் நாயகர்களில் ஒருவனான டிரெவர் வந்ததும் வராததுமாக மிதித்தே கொல்கிறான். சிஜேவுக்கு மட்டும் ஏன் சாடை? குரோவ் தெருவுக்குப் போகும் வழியில் சைக்கிளில் மூன்று பேர் கடந்து போகிறார்களே, சிஜே, அவன் அண்ணன் ஸ்வீட், கூட்டாளி பிக் ஸ்மோக் சாயலில். பெயர் கிடையாது, வசனம் கிடையாது. உள்ளே வர அனுமதி உள்ளவன் கதவைத் தட்டுகிறான், இல்லாதவன் சன்னல் பக்கம் நிழலாகப் போகிறான். சுவரில் இருந்த பெயர்களும் அப்படித்தான். அவை இந்த நகரத்தின் பிணங்களைப் பற்றிய செய்தி கிடையாது. பழைய கணக்கு முடிந்தது என்று எழுதியவர்கள் நமக்குப் போட்ட கும்பிடு.

இனி, உங்கள் மூவருக்குமே பொதுவான ஒன்று. கதை நடக்கும் ஆண்டுகளை வரிசையாக அடுக்கிவிட்டால் அதற்குள் ஒரு வரலாறு ஒளிந்திருக்கும் என்று மூன்று பேருமே நம்புகிறீர்கள். கொஞ்சம் அடுக்கிப் பார்ப்போம். 1986-ல் டாமி செங்கல் அளவு செல்போனில் பேசுகிறான். 2001-ல் மூன்றாம் பாகத்தின் கிளாட் பேஜர் வைத்துக்கொண்டு தெருவோரப் பொதுத் தொலைபேசிக்கு ஓடுகிறான். 1984-ல் வைஸ் சிட்டி ஸ்டோரீஸின் விக் நீந்துகிறான், 1986-ல் டாமி தண்ணீரில் விழுந்தால் சாகிறான், 1992-ல் சிஜே முத்துக்குளிக்கிறான், 2001-ல் கிளாட் மறுபடியும் விழுந்து சாகிறான். 1998-ல் லிபர்ட்டி சிட்டியில் பைக் ஓடுகிறது, 2001-ல் அதே ஊரில் ஒரு பைக்கைக் காணோம்.

அமெரிக்கா நீச்சலை மறந்த ஆண்டுகள் என்று யாரும் கோட்பாடு எழுதுவதில்லை. ஏனென்றால் காரணம் நமக்குத் தெரியும். மூன்றாம் பாகம் வந்தது 2001-ல், வைஸ் சிட்டி 2002-ல், சான் ஆண்ட்ரியாஸ் 2004-ல், லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ் 2005-ல், வைஸ் சிட்டி ஸ்டோரீஸ் 2006-ல். செய்யச் செய்ய அவர்களுக்குத் தொழில் கைவந்தது. நீச்சல் விஷயத்தில் வெளிவந்த வரிசையைப் பார்க்கிற நாம், சுவரில் எழுத்தைக் கண்டதும் கதை வரிசைக்குத் தாவிவிடுகிறோம். கைக்கு எது தோதோ அதை எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

அந்த ஆண்டுகளை இன்னொரு முறை பாருங்கள். 2001-ன் கதையை முதலில் சொல்லிவிட்டு, அடுத்து 1986-க்கும், பிறகு 1992-க்கும், 1998-க்கும், கடைசியில் 1984-க்கும் போயிருக்கிறார்கள். இந்த உலகம் பின்னோக்கி எழுதப்பட்டது. ஒவ்வொரு புதுக் கதையும் பழைய கதை விட்டுவைத்த ஒரு பொத்தலைப் பார்த்து உட்கார்ந்து எழுதிய ஒட்டு. மூன்றாம் பாகத்தில் ஸ்டான்டன் தீவில் பெரிய கட்டுமானப் பள்ளம் ஒன்று இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? 2001-ல் அது வெறும் பள்ளம். நான்கு வருடம் கழித்து வந்த முன்கதையான லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸில், அங்கே ஃபோர்ட் ஸ்டான்டன் என்று ஒரு குடியிருப்பு இருந்ததாகவும் அதை வெடி வைத்துத் தரைமட்டமாக்கியதே அதன் நாயகனான நம் டோனிதான் என்றும் காட்டினார்கள். கிளாட் கதையும் அப்படித்தான். மூன்றாம் பாகத்தில் அவனுக்குப் பேச்சும் இல்லை, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. இரண்டாம் பாகத்தின் கிளாட் ஸ்பீடுதான் இவன் என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். சான் ஆண்ட்ரியாஸில் சிஜேயின் பழைய காதலி கேட்டலினா தன் புதுக் காதலனோடு கார் பந்தயத்துக்கு வருகிறாள், பெயர் கிளாட். ஒரு கராஜைப் பந்தயத்தில் தோற்றுவிட்டு இருவரும் லிபர்ட்டி சிட்டிக்குக் கிளம்புகிறார்கள். அங்கே, மூன்றாம் பாகத்தின் தொடக்கத்தில், அவள் அவனைச் சுடப்போகிறாள் என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

விக் வான்ஸ் விஷயம்தான் இதன் உச்சம். வைஸ் சிட்டியின் தொடக்கத்தில் துறைமுகத்தில் ஒரு பேரம் நடக்கும். ஹெலிகாப்டரிலிருந்து ஒருவன் இறங்குவான், உடனே சுடப்பட்டுச் சாவான். பெயரைக் கவனிக்கக்கூட நேரமிருக்காது. அவன் டாமியின் கூட்டாளியாகப்போகும் லான்ஸின் அண்ணன், அவ்வளவே. நான்கு வருடம் கழித்து வைஸ் சிட்டி ஸ்டோரீஸில் நம் கையில் கொடுத்த நாயகன் அந்த ஆள்தான். பட்டாளத்துக்காரன், நோயாளியான இன்னொரு தம்பிக்குப் பணம் அனுப்ப வேண்டியவன், போதைப்பொருளே பிடிக்காதவன். போதும் இந்தத் தொழில் என்ற முடிவோடு கதை முடிகிறது. அப்படியானால் இரண்டு வருடத்தில் துறைமுகத்தில் சரக்கோடு வந்து ஏன் நின்றான்? லான்ஸ் இழுத்துக்கொண்டு வந்தானா, கடன் நெருக்கியதா, இதற்கு எத்தனையோ விளக்கங்கள் உலவுகின்றன. விளையாட்டில் பதில் கிடையாது. 2002-ல் சாகடிக்கும்போது அவனுக்கு ஒரு வாழ்க்கை இருந்ததாக எழுதியவர்களே யோசித்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். வெளிவந்த வரிசையில் ஆடினால், சாகப்போகிற ஒருவனுக்காக ஒரு விளையாட்டு முழுக்க உழைக்கிறீர்கள். ஒவ்வொரு வெற்றியிலும் அந்தத் துறைமுகம் தெரியும். ஆண்டு வரிசையில் ஆடினால், பாடுபட்டு வளர்த்த ஆள் அடுத்த கதையின் முதல் நிமிடங்களில் செத்துவிழுவான். அதிர்ச்சி நிச்சயம். ஆனால் அந்தக் காட்சி அதற்காக எடுக்கப்பட்டதில்லை, அந்தச் சாவுக்குரிய மரியாதையும் அதில் இருக்காது.

இந்த இரண்டு ஸ்டோரீஸையும் நீங்கள் அப்போது ஆடியிருக்க மாட்டீர்கள். நானும்தான். அவை பிஎஸ்பி, பிஎஸ்2 என்ற விளையாட்டுக் கருவிகளுக்கு வந்தன, கணினிக்கு வரவே இல்லை. பிரௌசிங் சென்டரே கதி என்று இருந்த சேலத்துப் பையன்களுக்கு 1984-ம் 1998-ம் கிடையாது. கிடைத்த கதையும் முழுசாகக் கிடைத்ததா? பல சென்டர்களில் இருந்தது அளவைக் குறைத்த திருட்டுப் பிரதி. வானொலி இருக்காது, சிலவற்றில் காட்சிகளின் வசனமும் இருக்காது. ஒரே கணினியில் ஊரே ஆடும், ஒருவர் சேவ் செய்ததில் அடுத்தவர் ஏறிக்கொள்வார். உட்கார்ந்தால் யாரோ பாதி வரை வாழ்ந்துவிட்ட வாழ்க்கை கண்முன் இருக்கும். லான்ஸ் துரோகம் செய்வதை முதலில் பார்த்துவிட்டு, அவனோடு நட்பானதைப் பிறகு பார்த்தவர்கள் எங்கள் கூட்டத்தில் இருந்தார்கள். வாய் அசைகிறது, சத்தம் இல்லை, கதையை நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். ரசிகக் கோட்பாடு என்ற சங்கதியெல்லாம் தெரியாமலே நாம் அதைச் செய்துகொண்டிருந்தோம். உங்கள் மூவரின் சண்டை அந்த நாற்காலியில் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

உங்கள் இரண்டாவது நண்பர் கேட்பதும் நியாயமான கேள்வி. படைத்தவன் சொல் எவ்வளவு தூரம் செல்லும்? இதற்கு நல்ல உதாரணம் நிண்டெண்டோ கம்பெனியின் செல்டா விளையாட்டுத் தொடர். 1986-ல் தொடங்கியது. எந்தக் கதை முந்தியது என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். 1998-ல் வந்த ஒகரீனா ஆஃப் டைம் முடிவில் காலம் இரண்டாகக் கிளைக்கிறது என்பது வரை பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். 2011-ல் இருபத்தைந்தாம் ஆண்டு மலராக வந்த புத்தகத்தில் நிண்டெண்டோவே வரிசையை அச்சிட்டது. பார்த்தால் மூன்று கிளை. மூன்றாவது, நாயகன் கடைசிச் சண்டையில் தோற்றிருந்தால் என்ன ஆகும் என்ற கிளை. எந்த விளையாட்டிலும் காட்டாத தோல்வி! சண்டை ஓய்ந்ததா? இல்லை. 2017-ல் வந்த பிரெத் ஆஃப் தி வைல்டை எங்கே வைப்பது என்று திரும்பவும் தொடங்கியது. அதில் சமையலுக்குக் கல்லுப்பு கிடைக்கும். பழங்காலக் கடலின் உப்பு என்று அதன் குறிப்பில் இருக்கும். நாடே கடலில் மூழ்கிய விண்ட் வேக்கர் கதைக்குப் பிந்தியது இது என்பதற்கு அந்த உப்பே சாட்சி என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. எனக்கு அந்த வாதம் ரொம்பப் பிடிக்கும். ஏற்க மாட்டேன், ஆனால் பிடிக்கும். சமைத்துக்கொண்டே உப்புப் பொட்டலத்தைப் படித்தவனின் கண் அது.

நீங்கள் மலையில் இருக்கிறீர்கள், இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காஞ்சிபுரத்திலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்களின் வழி வந்தவர்கள் என்று இந்த மலைகளின் மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் வரலாற்றைச் சொல்வார்கள். சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று மூவரும் பிரிந்து குடியேறினார்கள். எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். அவர்கள் வாழ்ந்த, வழிபடுகிற கதையை ஒரு கம்பெனியின் விற்பனைச் சரக்கோடு ஒன்றாக வைக்க எனக்கு விருப்பமில்லை. அதைச் சொல்பவர்களிடம் ஓர் ஒழுங்கைக் கவனித்திருக்கிறேன், அதற்காக மட்டும் சொல்கிறேன். மூவர், வந்த ஊர், பிரிந்தது ஆகியவற்றில் யாரும் கை வைப்பதில்லை. கைவைப்பது இடைவெளியில்தான்.

உங்கள் கோட்பாடுகளை அப்படிப் பார்த்தால், சுவரை வைத்து ஐந்து பேரைக் கொன்றது தேறாது. அது இடைவெளியை நிரப்பவில்லை, இருப்பதை அழிக்கிறது. ஜானியும் பாக்கியும் நேரில் வர, சிஜே நிழலாக மட்டும் வருவது ஏன் என்பதற்கு அதில் பதில் இல்லை. குரோவ் தெரு வேறு மாதிரி. உலகம் வேறு, ஆள் வேறு, எல்லாம் சரி. ஆனால் 2004-ல் அந்தத் தெருவை மீட்க நம்மை அவ்வளவு ஓடவைத்துவிட்டு, 2013-ல் அதே முட்டுச் சந்தை ஊதா உடைக்காரர்களான பல்லாஸ் கையில் கொடுத்துவைத்தவர்கள் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலை நமக்குள் கிளப்புவதே அவர்கள் நோக்கம் என்று நான் சொல்வேன். சிஜே தோற்றான் என்று நீங்கள் சொல்வது தகவலாகத் தப்பு, உணர்ந்த வகையில் சரி.

தம்பிக்கு வெளிவந்த வரிசையையே சொல்லுங்கள். மூன்றாம் பாகம் இன்றைக்கு அலுக்கும், வரைபடம்கூட ஒழுங்காக இருக்காது. பொறுமை இல்லை என்றால் வைஸ் சிட்டியில் தொடங்கி, சான் ஆண்ட்ரியாஸ் முடித்துவிட்டு மூன்றாம் பாகத்துக்கு வரட்டும். கேட்டலினா யாரென்று தெரிந்த பிறகு அதன் தொடக்கக் காட்சி நன்றாகவே கடிக்கும். 2021-ல் மூன்றையும் புதுப்பித்து ஒரே தொகுப்பாக விட்டார்கள், வந்தபோது பிழைகள் மலிந்து கிடந்தன. பழைய கணினி என்கிறீர்கள், அது இழுக்குமா என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள். லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ் போனுக்கும் வந்தது. விக் வான்ஸின் கதை போனுக்கும் வரவில்லை, அதற்கு யாரிடமாவது பழைய பிஎஸ்பி இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். நான்காம் பாகத்தை இவற்றோடு சேர்க்காமல் தனியாகத் தொடங்கச் சொல்லுங்கள், சுவரை அவனே கண்டுபிடிக்கட்டும். இவை 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான விளையாட்டுகள் என்பதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள். கல்லூரிக்கு வந்துவிட்டான் என்பதால் நான் அதைப் பெரிதாக்கவில்லை.

அன்புடன்.