நண்டு எடையைக் கூட்ட ஒரு பாட்: எந்த லைப்ரரி, எந்த மெஷினில்?

கேள்வி: மண்டபத்தில் நண்டு கொள்முதல் செய்யும் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும். கரையில் எடை போடுகிறவர்கள் படகு வாரியாக எடையை ஸ்லாக் (ஆபீஸ் வேலைக்கான அரட்டைச் செயலி) சேனலில் எழுதுவார்கள், தூத்துக்குடி ஆபீஸில் அதைப் பார்த்துத்தான் பணம் போடுகிறார்கள். இதையெல்லாம் படித்து சாயங்காலம் மொத்தக் கணக்கு சொல்லும் ஒரு பாட், அதாவது தானாக வேலை செய்யும் புரோகிராம், எழுத நினைத்து, இணையத்தில் கிடைத்த ஓர் உதாரணத்தை நோட் ஜேஎஸ்ஸில் ஓட்டினேன். இந்த வகை டோக்கனுக்கு அனுமதி இல்லை என்று பிழை வருகிறது. எங்கள் கம்ப்யூட்டருக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி கிடையாது, நெட்டும் கரண்டும் அடிக்கடி போகும். என் புரோகிராம் கோடை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம் அண்ணா?

வாசகர், மண்டபம்

பதில்: தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். நீங்கள் அனுப்பிய கோடில் டோக்கன், அதாவது ஸ்லாக்குக்குள் நுழைய பாட் காட்டும் ரகசியச் சாவி, அப்படியே இருக்கிறது. எக்ஸ்ஓஎக்ஸ்பி என்று தொடங்கும் அந்த நீளமான சரம் யார் கையில் கிடைத்தாலும் அவர் உங்கள் பாட் பெயரில் சேனலில் எழுதலாம், நீங்கள் கொடுத்திருக்கும் அனுமதியைப் பொறுத்து எல்லாவற்றையும் படிக்கவும் செய்யலாம். இன்றைக்கே அதை ரத்து செய்துவிட்டு, ஆப்பை மறுபடி இன்ஸ்டால் பண்ணிப் புது டோக்கன் எடுங்கள். புதியதைக் கோடுக்குள் எழுதாமல் என்விரான்மென்ட் வேரியபிளில் (கோடுக்கு வெளியே, மெஷினில் வைக்கும் மதிப்பு) வையுங்கள்.

சரி, பிழைக்கு வருவோம். உங்களுக்குக் கிடைத்த உதாரணம் ஸ்லாக்கோடு இணைய ஆர்டிஎம் என்ற பழைய வழியில் எழுதப்பட்டது. அதற்கு கிளாசிக் வகை ஆப் வேண்டும், 2024 ஜூனிலிருந்து அந்த வகையில் யாரும் புதிதாக ஆப் உருவாக்க முடியாது. நீங்கள் உருவாக்கியது புது வகை ஆப், அதன் டோக்கனை ஆர்டிஎம் ஏற்காது. அதனால் அந்தக் கோடில் தப்பு தேடி இன்னும் ஒரு ராத்திரியைச் செலவழிக்காதீர்கள், எடுத்து ஓரமாக வையுங்கள்.

சேனலில் செய்தி போடுவது மட்டும் வேலை என்றால் இன்கமிங் வெப்ஹூக், அதாவது செய்தியை அனுப்பினால் சேனலில் போட்டுவிடும் ஒரு இணைய முகவரி, ஒன்றே போதும், லைப்ரரிகூட (தயாராக எழுதிவைத்த கோடுத் தொகுப்பு) அவசியமில்லை. உங்கள் பாட் மற்றவர்கள் எழுதுவதைக் கேட்கவும் வேண்டும், அதனால் ஸ்லாக் நிறுவனமே வெளியிடும் போல்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை சாக்கெட் மோடில் ஓட்டுங்கள். 2021 ஜனவரியில் வந்த வசதி இது. உங்கள் புரோகிராமே ஸ்லாக்குக்கு ஒரு வெப்சாக்கெட் இணைப்பை, அதாவது இரண்டு பக்கமும் செய்தி போகும் நிரந்தர வழியை, திறந்து வைத்துக்கொள்ளும், செய்திகள் அந்த வழியாகவே உள்ளே வரும், வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி இல்லையே என்ற உங்கள் கவலை அதோடு தீர்ந்தது. இதற்கு எக்ஸ்ஏபிபி என்று தொடங்கும் இரண்டாவது டோக்கன் ஒன்று வேண்டும், ஆப் பக்கத்தில் சாக்கெட் மோடை ஆன் செய்யும்போதே அதை எடுத்துவிடலாம். பாட் டோக்கனுக்கு எழுதும் அனுமதியும் சேனல் ஹிஸ்டரி அனுமதியும் கொடுங்கள், மெசேஜ் ஈவன்ட்டுக்கு (செய்தி வந்ததும் ஸ்லாக் அனுப்பும் அறிவிப்பு) சந்தா போடுங்கள். அப்புறம் பாட் புரோகிராமை சேனலுக்குள் இன்வைட் செய்யவேண்டும், பலர் இதை மறந்துவிட்டு ஏன் எதுவும் வரவில்லை என்று உட்கார்ந்திருப்பார்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒரு விஷயம், எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுகிறது. இந்த புரோகிராமை மண்டபத்துக் கம்ப்யூட்டரில் ஓட்டாதீர்கள். வாடைக்காற்று பலமாக அடிக்கிற நாளில் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு ஈவன்ட் வந்தால் மூன்று விநாடிக்குள் கிடைத்தது என்று பாட் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஸ்லாக் சில முறை திரும்ப அனுப்பிப் பார்க்கும், அப்புறம் விட்டுவிடும். தூத்துக்குடி ஆபீஸில் யுபிஎஸ்ஸோடு எப்போதும் ஓடும் மெஷின் இருந்தால் அதில் வையுங்கள், இல்லையென்றால் மாத வாடகைக்கு ஒரு சின்ன கிளவுட் சர்வர் எடுக்கச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். கரையில் இருப்பவர்களுக்குப் போனில் ஸ்லாக் இருந்தால் போதும், அவர்களுக்கு எதுவும் மாறாது.

அங்கே வைத்தாலும் இணைப்பு ஒருநாள் அறுந்துதான் போகும். அதனால் கடைசியாகப் படித்த செய்தியின் டிஎஸ், அதாவது ஒவ்வொரு செய்திக்கும் ஸ்லாக் கொடுக்கும் நேர எண், அதைச் சேமித்து வைத்திருந்து, புரோகிராம் மறுபடி எழுந்ததும் சேனல் ஹிஸ்டரியில் அந்த எண்ணுக்குப் பிறகு வந்தவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். ஸ்லாக் திரும்ப அனுப்பியதும் ஹிஸ்டரியில் எடுத்ததும் ஒரே செய்தியாக இருக்கலாம், ஒரு படகின் எடை இரண்டு தடவை ஏறிவிடும். டேட்டாபேஸில் சேனல் ஐடியையும் டிஎஸ்ஸையும் சேர்த்து ஒரே சாவியாக வைத்தால் இரண்டாவது தடவை வந்தது தானாக ஒதுங்கிவிடும். ஒரே கோப்பில் அடங்கும் எஸ்கியூலைட் போதும், பெரிய டேட்டாபேஸ் எதுவும் வேண்டாம்.

ஆனால் டேட்டாபேஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். இப்போது உங்கள் எடைக்கணக்கு முழுவதும் ஸ்லாக்கில் மட்டும்தான் இருக்கிறது என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய செய்தி கண்ணில் படாது, ஓராண்டு தாண்டியது அழிக்கப்படும். விடிய விடிய நண்டு வலையைக் கழித்து, கூடையைச் சுமந்து வந்து தராசில் வைத்தவருக்கு அந்த எண்தான் கூலி. நாலு மாதம் கழித்து அவர் வந்து அன்றைக்கு என் எடை என்ன என்று கேட்டால் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். எடை வந்ததும் முதலில் டேட்டாபேஸில் எழுதுங்கள், அதற்குப் பிறகு சேனலில் பதில் போடுங்கள், இந்த வரிசையை எதற்காகவும் மாற்றாதீர்கள்.

கரையில் எழுதுகிறவர்கள் ஒரே மாதிரி எழுத மாட்டார்கள். ஒருவர் நீலக்கால் 12 என்பார், இன்னொருவர் 12கி நீலகால் என்பார், மூணு புள்ளி நண்டை வெறும் புள்ளி என்று எழுதுகிறவரும் இருப்பார். இதற்காக ஸ்லாக்கில் ஃபார்ம் செய்து தரலாம், அந்த வசதி இருக்கிறது. நான் வேண்டாம் என்பேன். ஈரக் கையோடு தராசுப் பக்கம் நிற்கிறவரிடம் நாலு கட்டத்தை நிரப்பச் சொல்வது அநியாயம். அவர்கள் எழுதுகிறபடியே எழுதட்டும், பாட் படித்துப் புரிந்துகொண்டதை அந்தச் செய்தியின் கீழே த்ரெட்டில் (அதற்கான பதில் வரிசையில்) திருப்பிச் சொல்லட்டும்: படகு எண், நண்டு வகை, கிலோ. புரியாவிட்டால் யூகித்து ஏற்றாமல் அங்கேயே கேட்கட்டும். 12 என்பதை 21 என்று எழுதிவிட்டு எடிட் செய்து திருத்துவார்கள், அந்தத் திருத்தம் மெசேஜ் சேஞ்ச்ட் என்ற சப்டைப்போடு (ஈவன்ட்டின் உள்வகைப் பெயர்) தனி ஈவன்ட்டாக வரும். அதைக் கவனிக்காத பாட் பழைய எண்ணையே கூட்டிக்கொண்டிருக்கும். செய்தியை அழித்தாலும் அப்படித்தான், அதற்கும் ஒரு சப்டைப் உண்டு.

காலையில் படகுகள் சேர்ந்தாற்போலக் கரை திரும்பும்போது செய்திகள் குவியும். ஒரு சேனலுக்கு விநாடிக்கு ஒரு செய்தி என்பது ஸ்லாக்கின் பொதுவான அளவு, மீறினால் 429, அதாவது அளவு மீறிவிட்டது என்ற பிழை எண்ணோடு, திருப்பி அனுப்பும். போல்ட்டுக்குள் இருக்கும், செய்திகளை ஸ்லாக்குக்கு அனுப்பும் வெப் கிளையன்ட், ஸ்லாக் சொன்ன நேரம் வரை காத்திருந்து தானே திரும்ப அனுப்பிவிடும், அதனால் இதற்கென்று தனியாகக் கோடு எழுத வேண்டாம். அப்படிக் காத்திருக்கும் பதில்கள் மெமரியில்தான் இருக்கும், புரோகிராம் நின்றால் போய்விடும். எடை ஏற்கெனவே டேட்டாபேஸில் இருப்பதால் பாதகமில்லை.

எழுதி முடித்ததும் உடனே முழுசாக இதை நம்பி இறங்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும், நாட்டுப்படகு நண்டு மட்டும் வரும், வரத்து குறைவு. அந்த 61 நாளில் நோட்டில் எழுதும் கணக்கையும் விடாமல் வைத்துக்கொண்டு பாட் போடும் மொத்தத்தோடு தினமும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் நோட்டுக் கணக்கையே தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டு, எந்தச் செய்தியில் மாறியது என்று டிஎஸ்ஸை வைத்துத் தேடுங்கள். அப்படித் தேடியும் பிடிபடாத இடம் வந்தால் அந்தப் பகுதிக் கோடை மட்டும் எனக்கு அனுப்புங்கள், டோக்கனை எடுத்துவிட்டு.