குளியலறைச் சுவரில் மூன்று அறை டிஸ்பென்சர்

கேள்வி: ஷாம்பூ, கண்டிஷனர், பாடி வாஷ் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிஸ்பென்சர் வடிவமைக்கிறேன். மாதிரியை இருபக்க டேப்பில் ஒட்டினால் ஒரு வாரத்தில் விழுந்துவிடுகிறது. கண்டிஷனரும் சரியாக வருவதில்லை. ஏன்?

பதில்: அறைக்கு 400 மி.லி. என்றாலே திரவம் மட்டும் சுமார் 1.2 கிலோ. அதோடு, ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் டேப் அசைக்கப்படுகிறது. ஓரத்தில் ஈரமும் சோப்புப் படலமும் புகுந்து பிடி தளர்கிறது. சொரசொரப்பான டைல்ஸில் டேப்பை நம்பவே வேண்டாம். தனித் தாங்கு தகடு ஒன்றை இரண்டு துருப்பிடிக்காத ஸ்க்ரூவால் பொருத்தி, டிஸ்பென்சரை அதில் மாட்டிக் கழற்றும்படி செய்யுங்கள். டைல்ஸ் தாண்டும்வரை டிரில்லில் ஹேமர் (அடித்துத் துளைக்கும் முறை) வேண்டாம், விரிசல் விடும். துளைக்குள் சிலிகான் வைத்த பிறகே ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக்கைச் செருகுங்கள்.

கண்டிஷனர் கெட்டியானது. அதன் அறைக்கு அகலமான குழாய், பம்பை நோக்கிச் சரியும் அடிப்பகுதி, மூடியில் 1 மி.மீ. காற்றுத் துளை மூன்றும் வேண்டும். துளை இல்லாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பம்ப் இழுக்காது. தண்ணீர் கலந்து இளக்காதீர்கள். கெடாமல் காக்கும் பொருள் நீர்த்துப்போய்க் கிருமி வளரும். மூடி, கை நுழையும் அளவு அகலமா? கழுவ அதுதான் வசதி.