தனி நகரமானால் வீட்டு வரி ஏறுமா?

கவுண்டி (மாவட்ட அளவிலான நிர்வாகம்) நேரடியாகப் பார்த்துக்கொள்ளும் உங்கள் கலிஃபோர்னிய ஊரைத் தனி நகரமாக்க மனு சுற்றுகிறது, வீட்டு வரி ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நகரமாவதால் மட்டும் உங்கள் சொத்து வரி ஏறாது. கலிஃபோர்னியாவில் 1978-இல் வந்த புரொபசிஷன் 13 என்ற சட்டம் அடிப்படை வரியை வரிக்கான சொத்து மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்திவிட்டது. கவுண்டியின் கீழ் இருந்தாலும் தனி நகரமானாலும் அதே விகிதம்தான்.

கவலைப்பட வேண்டியது வேறு. ஊரில் வீடுகள், ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மளிகைக் கடை அவ்வளவுதான் என்கிறீர்கள். விற்பனை வரியில், பொருளின் விலையில் ஒரு சதவீத அளவு கடை இருக்கும் ஊருக்குத்தான் போகும். நீங்கள் பக்கத்து நகரத்து காஸ்ட்கோவில் வாங்கினால் வருமானம் அவர்களுக்கு. ரோட்டுப் பள்ளத்தை அடைக்கும் செலவு உங்களுக்கு.

மனுவில் கையெழுத்துப் போட்டாலே நகரமாகிவிடாது. லாஃப்கோ என்ற எல்லை ஆணையம் முழு நிதி ஆய்வு செய்த பிறகே வாக்கெடுப்பு. அந்த அறிக்கையில் இரண்டை மட்டுமாவது தேடிப் படியுங்கள்: கவுண்டி காவல்துறையான ஷெரீஃபுக்கான ஒப்பந்தச் செலவு, நீங்கள் பிரிவதால் வரும் வருவாய் இழப்புக்காகக் கவுண்டிக்குக் கட்ட வேண்டிய ஈடு. புது நகரங்களின் கழுத்தை நெரிப்பது பெரும்பாலும் இவைதான்.

அறிக்கை நன்றாக இருந்தாலும் முழுசாக நம்பிவிடாதீர்கள். கலிஃபோர்னியாவின் ஜுருபா வேலி 2011 ஜூலை 1-இல் நகரமானது. அந்த நேரத்தில்தான் புது நகரங்களுக்கு வந்துகொண்டிருந்த வாகன உரிமக் கட்டணப் பங்கை மாநிலம் நிறுத்தியது. நகரத்தையே கலைத்துவிடலாமா என்ற அளவுக்குப் போய், 2017-இல்தான் அதைச் சரிசெய்யும் சட்டத் திருத்தம் வந்தது.

கடைத்தெரு இல்லாத ஊர் என்றால் என் வாக்கு இப்போதைக்கு 'வேண்டாம்'. முதலில் சமூக சேவை மாவட்டம் கேளுங்கள்; நகரமாகாமலேயே ஊரின் சில சேவைகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு அது. கலிஃபோர்னியாவின் மவுன்டன் ஹவுஸ் என்ற ஊர் பல வருடம் அப்படி இயங்கி, 2024-இல்தான் நகரமானது.